கிளிப்பின் மேல் ஒரு சிவப்புக் கோடு

நவம்பர் 9

அன்புள்ள அக்கா,

பிரித்ததுமே கடைசிப் பக்கத்துக்குப் போய்விடாதே. நீ புத்தகத்தையே அப்படித்தான் படிப்பாய். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அம்மா நலம், அப்பா நலம். நலமில்லாதது நம் கார்தான்.

போன வாரம் இரண்டு தடவை உன்னைப் போனில் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. "பின்னாடி அப்பா இருமுற சத்தம் கேட்டாலே என் வைராக்கியம் போயிடும். போன் வேணாம், லெட்டர் போடு" என்று கிளம்பும்போது சொன்னாய். பதினான்கு மாதமாக உன் பிறந்தநாளுக்கும் என் மதிப்பெண்ணுக்கும் மட்டும் எழுதி வந்தேன். இது அந்த மாதிரிக் கடிதம் இல்லை.

காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. காலை ஆறே முக்காலுக்கு மூன்று பேரும் கிளம்புகிறோம். முதலில் அம்மாவை ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விட்டு, அப்புறம் என்னைப் பள்ளியில் விட்டு, அப்பா தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிறார். அம்மா இறங்கும்வரை ஹீட்டர் வாயிலிருந்து குளிர்ந்த காற்றுதான் வருகிறது. மேட்டில் ஏறும்போது இரண்டு நிமிடம் வெதுவெதுப்பாகிறது, இறக்கத்தில் மறுபடி குளிர்கிறது. "இந்த வண்டில போறதுக்கு ஐஸ் பெட்டிக்குள்ள உக்காந்து போகலாம்" என்கிறாள் அம்மா. "ஸ்வெட்டர்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்காங்க, தெரியுமா?" என்கிறார் அப்பா. அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறாள். படி இறங்கும்போது இப்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள், அக்கா.

இன்னொன்றும் இருக்கிறது. உள்ளே ஒரு வாசனை வருகிறது. இருமல் மருந்துப் பாட்டிலைத் திறந்தே வைத்ததுபோல ஓர் இனிப்பு வாசனை. முன்கண்ணாடியின் உட்பக்கம் ஆவி படிகிறது. துடைத்தால் போகாமல் எண்ணெய்போல இழுக்கிறது. ஊரில் எல்லோரையும் உட்காரவைத்து "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்கிற அப்பா, காரில் என்னைப் பார்த்து "முன்னாடி ஏதாவது வருதா பாரு" என்கிறார். வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் ஒரு சைக்கிள்காரர் வந்ததை நானும் பார்க்கவில்லை. அவர்தான் எங்களைப் பார்த்து ஒதுங்கினார்.

மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால் அப்பா "வண்டிக்கு ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுகிறார். நீ போன பிறகு பானட்டை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை.

இது என்ன வியாதி? உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். பதிலைப் பள்ளி நூலகத்து முகவரிக்கு அனுப்பு. நூலகர் அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். "காதல் கடிதமில்லையே?" என்று கேட்டார். "ரேடியேட்டர் பற்றியது" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

உன் தங்கை


நவம்பர் 14

அடியே அகராதி,

காரைப் பத்தி எனக்கு எழுதாதே. நான் மெக்கானிக் இல்ல. பஸ் டிப்போவில மறந்துபோன சாமான் பிரிவு கிளார்க். இன்னைக்கு வந்தது பதினொரு குடை, ஒத்தைக் காலுக்கு ஒரு பூட்ஸ், ஒரு பல் செட்டு. பல் செட்டை மறந்துட்டு இறங்கினவர் வீட்டுக்குப் போய் என்னத்தைச் சாப்பிட்டாரோ. இதைப் பத்திக் கேளு, பக்கம் பக்கமா எழுதறேன்.

ரேடியேட்டர் ரப்பர் குழாய்ல நான் போட்ட கிளிப் கழண்டுதான் அப்பா கையில கொதிக்கிற தண்ணி கொட்டிச்சு. "உன் வேலைதான் என் கையை வேக வச்சுது, இனிமே என் வண்டியைத் தொடாதே"ன்னு அவர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதான் நின்னே. அதுக்கப்புறமும் என்கிட்ட வந்து வண்டிக்கு வைத்தியம் கேக்கறியே, உனக்கு மூளை எங்க இருக்கு?

சாயங்காலம். மேல எழுதினதை அப்படியே போட்டுடலாம்னுதான் தபால் பெட்டி வரைக்கும் போனேன். சைக்கிள்காரர் ஞாபகம் வந்துடுச்சு. திரும்பி வந்துட்டேன். ஒரே ஒரு தடவைதான், கேட்டுக்கோ.

ஹீட்டர்னா தனியா ஒரு அடுப்பு இல்ல. இன்ஜின் சூட்டைத் தூக்கிட்டு வர்ற கூலன்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால ஒரு சின்ன ரேடியேட்டர் வழியா போகும். அது மேல காத்தடிச்சா சூடு வரும். கூலன்ட் குறைஞ்சா முதல்ல குளிர்ந்து போறது ஹீட்டர்தான். அதனால குறையுதான்னு பாரு. பானட்டுக்கு உள்ள ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருக்கும், ரெண்டு கோடு போட்டிருக்கும். தினமும் காலைல, இன்ஜின் ஆறியிருக்கறப்ப, எந்த மட்டத்துல இருக்குன்னு எழுது. நிறத்தையும் எழுது. ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டையைப் போட்டுட்டு, காலைல எங்க சொட்டியிருக்குன்னு பாரு. ஓடி நின்ன வண்டில, இன்ஜினுக்குப் பின்னால தகரச் சுவத்துக்குள்ள நுழையற ரெண்டு ரப்பர் ஹோஸையும் கையுறை போட்டுத் தொட்டுப் பாரு. ரெண்டும் சூடா, ஒண்ணு மட்டுமா?

ரேடியேட்டர் மூடியைத் தொடாதே. சூடா இருந்தா தொடவே தொடாதே. மூணாவது தடவையும் சொல்றேன், தொடாதே.

அம்மாவை முழங்காலுக்குக் கம்பளி சுத்திக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே.


நவம்பர் 26

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். அப்பா முகம் மழிக்க ஆறரைக்குக் குளியலறைக்குள் போவார். நுரை பூசி, கத்தியை அலசி, முகம் துடைக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பானட்டைத் திறந்து, பார்த்து, ஓசையில்லாமல் மூடிவிடுவேன். கடைசியில் ஓர் அழுத்து அழுத்தினால்தான் மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் நான் இருமுவேன். எனக்குச் சளி பிடித்திருப்பதாக வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள்.

சமூக அறிவியல் நோட்டின் பின்பக்கத்தில் பத்து நாள் குறிப்பு இருக்கிறது. மட்டம் பத்து நாளும் மேல்கோட்டுக்குச் சரியாக நிற்கிறது, மயிரிழைகூடக் குறையவில்லை. அட்டையில் நடுவில் ஒரு கறுப்பு எண்ணெய்ப் பொட்டைத் தவிர எதுவும் இல்லை. குழாய்களைத் தொட ஒரே ஒரு நாள்தான் வாய்த்தது. அன்று பள்ளி வாசலில் என்னை இறக்கிவிட்ட பிறகு, அப்பா யாரோ பழைய வாடிக்கையாளரின் மூக்குக்கண்ணாடியை நடுத்தெருவிலேயே நிமிர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு குழாய் நல்ல சூடு. மற்றது என் கைபோலக் குளிர்ந்திருந்தது.

நிறம் பற்றி எழுதச் சொன்னாய். முதல் நாள் கிளிப்பச்சை. ஐந்தாம் நாள் வெள்ளரிக்காயின் உள்பக்கம் மாதிரி. பத்தாம் நாள் பச்சைத் தூரிகையைக் கழுவிய தண்ணீர் மாதிரி. கொஞ்சம் துருப்பொடியும் மிதந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே வருவதால் எனக்கு அப்படித் தெரிகிறதோ என்று சந்தேகம். அம்மா கால் வைக்கிற இடத்தில் விரிப்பு ஈரமாக இருக்கிறது. என் குடையால்தான் என்கிறாள் அம்மா. அவள் செருப்பால்தான் என்கிறேன் நான்.

ஆகவே கசிவு இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானா?

அப்பாவைப் பற்றியும் எழுதலாமா? நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். கண்ணாடிச் சட்டத்தின் சின்னத் திருகாணியை வலது கையால் பிடிக்க அவருக்கு இன்னும் வரவில்லை. சுட்ட தோல் இழுத்துக்கொண்டு, விரல்கள் முழுசாக மடங்குவதில்லை. இடது கையால் பழகிவிட்டார். முன்பைவிடச் சீக்கிரம் எழுந்துவிடுகிறார். ஐந்தரைக்கே கெட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாசல் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றப் போகிறார். செடிகள் போன மாதக் குளிரிலேயே பட்டுப்போய்விட்டன. அப்பாவுக்கு நம்பிக்கை அதிகம்.

உன் தங்கை


டிசம்பர் 1

அகராதி,

செத்த செடிக்கு ஒருத்தர் தினமும் தண்ணி ஊத்தறார். நீ அதைப் பாத்துட்டு "நம்பிக்கை அதிகம்"னு எழுதறே. இத்தனை புத்தகம் படிச்சு என்ன பிரயோஜனம்?

நீ ஆறரைக்குப் பாக்கறே. அவர் அஞ்சரைக்கே ரொப்பிடறார். அதான் மட்டம் குறையல. ஆனா நிறம் பொய் சொல்லாது. கூலன்ட் எங்கயோ வெளியே போகுது, அந்த இடத்துக்கு வெறும் தண்ணி வருது. வெளியே சொட்டலன்னா உள்ளதான் சொட்டுது. அம்மா காலடி விரிப்பை வெள்ளைக் காகிதத்தால ஒத்தி எடு. சும்மா ஈரம்னா குடை. வழுவழுன்னு பச்சையா இருந்தா டேஷ்போர்டுக்குப் பின்னால இருக்கற சின்ன ரேடியேட்டர் ஓட்டை. வாசனையும் கண்ணாடில படியற எண்ணெயும் அதுலேர்ந்துதான் வருது. துரு மிதக்குதுன்னா, வெறும் தண்ணி ரொம்ப நாளா உள்ள போயிட்டிருக்குன்னு அர்த்தம். அந்தத் துருதான் அரிச்சிருக்கு, ஒரு ஹோஸ் சூடாகாம அடைச்சும் வச்சிருக்கு.

இது சளி, இருமல் இல்ல. கூலன்ட் உறையாது, ஆனா இன்னும் ரெண்டு மூணு வாரத்துல உங்க ஊர்ல வெறும் தண்ணி உறையும். உறைஞ்சா விரியும், விரிஞ்சா இன்ஜினே வெடிச்சுப் போகும். உன் பாடப் புத்தகத்துலயே இருக்கு. முதல்ல காலைல சீக்கிரம் எழுந்து, அவர்தான் ஊத்தறாரான்னு கண்ணால பாரு.

வேற ஒண்ணு. இங்க ஆபீஸுக்குப் பின்னாலதான் ஒர்க்ஷாப். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவேன். ஆனா காதுக்கு முதுகு இல்லையே. போன வாரம் ஒரு பஸ் உள்ள வந்தப்ப, "வாட்டர் பம்ப் பேரிங் போச்சு"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். ஒர்க்ஷாப் மேஸ்திரி குடை தேடி வந்தவர், அப்படியே நின்னுட்டார். பிரிச்சுப் பாத்தா அதேதான். "நீ எதுக்கும்மா இங்க குடை எண்ணிக்கிட்டிருக்கே? ஒர்க்ஷாப்ல ஒரு இடம் காலி. இருபத்திரண்டாம் தேதிக்குள்ள சொல்லு"ன்னார். முடியாதுன்னு சொல்லப்போறேன். பெத்த அப்பன் கையைச் சுட்டவ, நாப்பது பேர் உக்கார்ற பஸ்ஸைத் தொடக்கூடாது.

ரேடியேட்டர் மேல் ஹோஸ்ல நான் போட்ட கிளிப் இப்ப இருக்காது. கழண்டதைத் தூக்கிப் போட்டுட்டு அப்பா வேற போட்டிருப்பார். நான் முடுக்கற கிளிப்புல ஸ்க்ரூ தலையிலேர்ந்து பட்டை வரைக்கும் சிவப்பு நகப்பூச்சால ஒரு கோடு போடுவேன். அம்மா பீரோவுலேர்ந்து திருடின பாட்டில்தான், சொல்லிக்குடுத்துடாதே. ஸ்க்ரூ கால் சுத்து திரும்பினாலும் கோடு உடைஞ்சிடும். தூரத்துலேர்ந்தே தெரிஞ்சுடும். எவ்வளவு கர்வம் பாரு எனக்கு.

அதைப் போய்ப் பாக்காதே. பாத்தாலும் எனக்கு எழுதாதே.


டிசம்பர் 6

அன்புள்ள அக்கா,

பார்த்தேன். எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு.

வியாழக்கிழமை ஐந்தேகாலுக்கே எழுந்து, விளக்குப் போடாமல், வரலாற்றுப் புத்தகத்தோடு ஜன்னல் ஓரம் நின்றேன். அப்பா கெட்டிலோடு வந்தார். செடிகளைத் தாண்டிப் போனார். பானட்டைத் திறந்து ஊற்றினார். திரும்பி வரும்போது மிச்சம் இருந்த ஒரு வாய்த் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று நினைத்திருப்பார்போல.

விரிப்பை ஒத்தி எடுத்த காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். காய்ந்த பிறகும் பச்சையாக, பிசுக்காக இருக்கிறது.

இப்போது மற்றது. வடிவியல் பாடத்தில் செய்வதுபோல ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். எங்காவது தவறு இருந்தால் நீ சுழித்துக் காட்டு.

மேல் குழாயில் கிளிப் இருக்கிறது. அதில் சிவப்புக் கோடு இருக்கிறது. வெயிலில் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, ஆனால் திருகாணித் தலையிலிருந்து பட்டைவரை ஒரே கோடாக, உடையாமல் ஓடுகிறது. என் பூதக்கண்ணாடியை வைத்து மூன்று நாள் பார்த்தேன். கால் சுற்றுத் திரும்பினாலும் கோடு உடையும் என்று எழுதியது நீ. ஆகவே அது திரும்பவே இல்லை. கழன்ற கிளிப்பை மறுபடி முடுக்காமல் மாட்ட முடியாது. ஆகவே அது கழலவே இல்லை.

பானட்டின் உள்பக்கத்தில் நீ ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது. "நான் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். இப்படிக்கு, வண்டி." அந்தச் சீட்டின் மேல் பழுப்பும் பச்சையுமாக ஒரு கறை, விசிறி விரித்ததுபோல. விசிறியின் காம்பு எந்த இடத்தை நோக்கியிருக்கிறது என்று அடிக்கோலை வைத்துப் பார்த்தேன். கிளிப்பை நோக்கி இல்லை. ரேடியேட்டர் மூடியை நோக்கி.

அப்பா அன்றைக்கும் தண்ணீர் ஊற்றத்தான் போயிருக்கிறார், அக்கா. இன்ஜின் ஆறுவதற்குள் மூடியைத் திறந்திருக்கிறார். உன் கிளிப் ஒன்றும் செய்யவில்லை.

இதை எழுதிவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருகிறேன். சாப்பாட்டு மேசையில் அவர் எனக்கு எதிரேதான் உட்காருகிறார். "என்னடி என்னையே பாக்கறே, பவர் ஏறிடுச்சா?" என்று கேட்கிறார். அவரிடம் கேட்கட்டுமா? அம்மாவிடம் சொல்லட்டுமா? நீ சொல்லாமல் எதுவும் செய்யமாட்டேன். ஆனால் இருபத்திரண்டாம் தேதிக்கு முன்னால் மேஸ்திரியிடம் முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதே.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உன் தங்கை


டிசம்பர் 10

நீ தப்பாப் பாத்திருக்கே.

யாரோ ஒரு மெக்கானிக் வேற கிளிப் போட்டு அவனும் சிவப்புக் கோடு போட்டிருக்கலாம். எத்தனையோ பேர் போடுவாங்க. கறை வேற என்னைக்கோ தெறிச்சதா இருக்கலாம். அடிக்கோலை வச்சுப் பாத்தாளாம். நீ என்ன போலீஸா?

நீ சொல்றது நெசம்னா நான் பதினாலு மாசம் சும்மாவே குடை எண்ணியிருக்கேன். மெக்கானிக் படிப்பைப் பாதில விட்டு, ஸ்பானரைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தது சும்மா. ராத்திரி கண்ணை மூடினா அந்தக் கட்டுப் போட்ட கையே வந்து நின்னுதே, அதுவும் சும்மா. அதனால அது நெசமா இருக்க வேணாம். புரியுதா?

அந்த நகப்பூச்சு என்ன சிவப்பு? செங்கல் மாதிரியா, மாதுளை மாதிரியா?

எழுதவேணாம். மாதுளைன்னு எனக்கே தெரியும். இங்க குளிர்ல கூட வேர்க்குது.

அவரை ஒண்ணும் கேக்காதே. கேட்டு வாங்கற உண்மை எனக்கு வேணாம். ஆனா வண்டியை விட்டுவைக்க முடியாது, பேப்பர்ல அடுத்த வாரம் உறைபனின்னு போட்டிருக்கான். தனிக் காகிதத்துல படத்தோட எழுதியிருக்கேன். சுவத்துக்குள்ள போற ரெண்டு ஹோஸையும் கழட்டி, ஒண்ணோட ஒண்ணைச் சேத்து, சின்ன ரேடியேட்டரை வழியிலேர்ந்தே விலக்கிடணும். ஹீட்டர் சுத்தமா வராது, ஆனா ஒழுகாது. அப்புறம் பழைய தண்ணியை முழுக்க இறக்கிட்டு, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ரொப்பணும். உன்னால தனியா முடியாது. அதனால அந்தக் காகிதத்தை அவர்கிட்ட குடு. கையெழுத்தைப் பாத்துக் கிழிச்சா கிழிக்கட்டும்.

கிழிச்சார்னா இன்னொரு நகல் உள்ளே வச்சிருக்கேன்.


டிசம்பர் 19

அன்புள்ள அக்கா,

இது தபாலில் வராது. நாளைக்கு நானே உன் கையில் கொடுக்கப்போகிறேன். நீ பிரிக்கும்போது நாங்கள் உன் டிப்போ வாசலில் நின்றுகொண்டிருப்போம். அப்பா உன்னைப் பார்த்ததும் பேசுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் நீ முதலில் இதைப் படித்துவிடு. அதுவரை அவரை எதுவும் கேட்காதே.

புதன்கிழமை கடைக்கு விடுமுறை. உன் காகிதத்தைக் கொடுத்தேன். வாங்கினார். கையைத் தூர நீட்டிப் பிடித்தார், அப்புறம் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "இது அவ எழுத்து" என்றார். கிழிக்கவில்லை. "இந்த ஹோஸ்ல ஒரு முழம் வேணுமே, நம்மகிட்ட இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மதியம் முழுவதும் வேலை செய்தோம். நான் வாசித்தேன், அவர் செய்தார். பழைய தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்கியது. வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். "எல்லாம் நான் ஊத்தினது" என்றார். நான் விளக்கை மேலே தூக்கிப் பிடித்தேன். வெளிச்சம் அந்தக் கிளிப்பின் மேல் விழுந்துவிட்டது. சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. அப்பா சுட்ட கையின் கட்டைவிரலை அந்தக் கோட்டின் மேல் வைத்தார்.

"இது கழலவே இல்ல" என்றார்.

"தெரியும்பா."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வாரமா."

"அவளுக்கு?"

"எழுதிட்டேன்."

இரண்டு திருகாணிகளை முடுக்கினார். அப்புறம் முகத்தை இன்ஜினுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசினார். "ஆஸ்பத்திரில உங்கம்மா கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் சுத்தி நின்னாங்க. 'சூடா இருக்கும்போது திறந்தீங்களா?'ன்னு அம்மா கேட்டா. அத்தனை பேர் எதிர்ல ஆமான்னு சொல்ல வாய் வரல. கிளிப் கழண்டுடுச்சுன்னேன். ஒரு வார்த்தைதான். வீட்டுக்கு வந்ததும் உங்கக்காவும் அதையே கேட்டா, அப்பயும் அதையேதான் சொன்னேன். வேகத்துல திட்டவும் செஞ்சேன். அவ அழுதுட்டா. மறுநாள் சொல்லிக்கலாம்னு விட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அதுக்கும் மறுநாள் ஒண்ணு வந்துடுச்சு."

எனக்கு அவரைத் திட்டவேண்டும்போலவும் இருந்தது, அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் அவரே சொன்னார். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. ஒரு துண்டையே நாலு தடவை மடித்தாள். சாப்பாடு பரிமாறும்போதுதான் வாயைத் திறந்தாள். "பதினாலு மாசம் என் பொண்ணு யாரோ தொலைச்ச குடையை எண்ணிக்கிட்டிருக்கா. நீங்க செத்த செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கீங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் இன்றுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று அப்பா காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். "அன்புள்ள" என்று எழுதினார். அந்தச் சொல்லையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார், நடந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். அப்புறம் என்னிடம் வந்து, "ஹீட்டர் ரிப்பேர். அதுக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்திதான். சனிக்கிழமை கொண்டுபோய்க் காட்டலாம்" என்றார்.

"ஹீட்டர் இல்லாம ஆறு மணி நேரமா? இந்தக் குளிர்லயா?" என்றேன்.

அம்மா பீரோவிலிருந்து மூன்று கம்பளிகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். "ஐஸ் பெட்டிதானே, பழகினதுதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். கூடவே அந்த நகப்பூச்சுப் பாட்டிலையும் கைப்பையில் வைத்ததைப் பார்த்தேன். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

அக்கா, நீ அவரை மன்னிக்கவேண்டும் என்று நான் எழுதமாட்டேன். அது நீ முடிவு செய்ய வேண்டியது. ஆனால் திங்கட்கிழமை மேஸ்திரிக்கு நீ சொல்லப்போகிற பதில், நடந்ததை வைத்து இருக்கட்டும். நடக்காததை வைத்து வேண்டாம்.

படித்தாயிற்றா? நிமிர்ந்து பார். சாம்பல் நிறக் கார், முன்கண்ணாடி சுத்தமாக இருக்கும். இன்று இரண்டு தடவை துடைத்திருக்கிறேன்.

உன் தங்கை


டிசம்பர் 29

அடியே அகராதி,

நீங்க ஊர் போய்ச் சேந்ததும், ஹீட்டர் அடிச்ச சூட்டுல அம்மா கம்பளியை எல்லாம் பின் சீட்டுல தூக்கிப் போட்டதும், உன் லெட்டர்ல படிச்சுச் சிரிச்சேன். இந்தக் காகிதத்தோட ஓரத்துல கறுப்பா இருக்கறது மை இல்ல, ஒர்க்ஷாப் கிரீஸ். எவ்வளவு தேய்ச்சாலும் போகல. குடை எண்ண இப்ப வேற ஆள் வந்தாச்சு. அவருக்குப் பல் செட்டைத்தான் முதல்ல காட்டினேன்.

கோபம் போயிடுச்சான்னு கேட்டிருந்தே. போகல. ராத்திரி திடீர்னு எழுந்து உக்காந்துக்கறேன். பதினாலு மாசத்தை எங்க போய் வாங்கறது? ஆனா உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. நீயும் அம்மாவும் கேன்டீன்ல குளிர் காஞ்சுக்கிட்டிருந்தப்ப, நான் டேஷ்போர்டைப் பிரிச்சுக்கிட்டிருந்தேன். மேஸ்திரி வந்தார், பின்னாலயே நாலு டிரைவருங்க வேடிக்கை பாக்க வந்தாங்க. அப்பா சுட்ட கையை வெளிய எடுத்தார். வந்ததுலேர்ந்து பாக்கெட்லயே வச்சிருந்தாரே, அந்தக் கையை. "இது நானே பண்ணிக்கிட்டது. சூடா இருக்கும்போது மூடியைத் திறந்தேன். பழியை என் பொண்ணு மேல போட்டுட்டேன். அவ போட்ட கிளிப் இன்னைக்கு வரைக்கும் அசையல"ன்னார். யாரும் கேக்கல. அத்தனை பேர் எதிர்ல சொன்னார். நான் டேஷ்போர்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டேன். ரொம்ப நேரம் அங்கயே ஒரு ஸ்க்ரூவைத் தேடினேன்.

மேஸ்திரிதான், "சரி சரி, மூடி திறந்து கை சுடாதவன் இங்க எவன் இருக்கான்"னு டிரைவருங்களை விரட்டிவிட்டார்.

இப்ப வேலை. வாரத்துக்கு ஒரு தடவை மட்டத்தைப் பாரு. ஆறரைக்குத் திருட்டுத்தனமா இல்ல, அப்பாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாரு. கிளிப்புங்க மொத்தம் ஆறு. எல்லாத்துலயும் கோடு இருக்கு. எதுவாவது உடைஞ்சிருந்தா உடனே எழுது. இல்லன்னா போன் பண்ணு, எடுக்கறேன்.

ஆறாவது கிளிப், ஹீட்டருக்குப் போற கீழ் ஹோஸ்ல இருக்கும். அதோட கோடு மட்டும் கோணலா, தொட்டுத் தொட்டு இழுத்தா மாதிரித் தெரியும். விரல் முழுசா மடங்காதவங்க போட்டா அப்படித்தான் வரும். முடுக்கினது சரியாத்தான் இருக்கு, நான் ரெண்டு தடவை பாத்துட்டேன். நீ பாட்டுக்கு அதை அழிச்சுட்டு அடிக்கோலை வச்சு நேராப் போட்டுடாதே.